செட் எங்கே? – இசை படிக்கும் பிள்ளைகளின் கோரிக்கைச் சாசனம்

இசைப்பள்ளிகளையும் இசைக் கல்லூரிகளையும் நடத்தும் அரசுத் துறைகளுக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும், தனியார் அறக்கட்டளைகளுக்கும், எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், நாதசுரம், தவில், குரலிசை, தேவாரம், வயலின், மிருதங்கம் படிக்கிற, படித்து முடித்த மாணவர்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று ஏழு பாடங்கள், மூன்றாண்டுப் படிப்பு. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. கோயில்கள் நடத்தும் நாதசுர, தவில் பயிற்சிப் பள்ளிகளும், தனியார் பள்ளிகளும், வீட்டுத் திண்ணையில் நடக்கும் வகுப்புகளும் தனி. நாங்கள் இவற்றில் வெவ்வேறு இடங்களில் படித்தவர்கள். பேசிப் பார்த்ததில் ஒரு விஷயம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. பாட்டுக்கு ஓர் அறை, வயலினுக்கு ஓர் அறை, தவிலுக்குக் கட்டடத்தின் கடைசி அறை. சத்தம் சுவரைத் தாண்டி வரும், ஆள் வருவதில்லை.

ஆண்டுவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் கதவுகள் திறக்கும். எல்லாரும் சேர்ந்து ஓர் உருப்படி வாசிக்க வேண்டும் என்று அறிவிப்பு வரும். எந்தச் சுருதி என்று முடிவாவதற்குள் நாலு நாள் ஓடிவிடும். தவில் பையனிடம் “அடக்கி வாசி” என்பார்கள். வயலின் பிள்ளையிடம் “இழுத்து வாசி” என்பார்கள். இருவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லித்தரப்படாது. விழா முடிந்த மறுநாள் அவரவர் அறைக்குப் போய்விடுவோம்.

தனியாக நன்றாக வாசிக்கத் தெரிந்துவிட்டால் நாலு பேரோடு வாசிப்பது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் படிப்பு அமைந்திருக்கிறது. அது தானாக வருவதில்லை என்பதை மேடையில் நின்று தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். சேர்ந்து வாசிப்பது ஒரு பாடம். அதற்கென்று நேரமும் ஆசிரியரும் கருவியும் தேர்வும் வேண்டும். கேட்பது அவ்வளவுதான், கீழே உள்ளவையெல்லாம் அதன் கிளைகள்.

இந்த மண்ணுக்கு இது புதிய யோசனையும் இல்லை. ஒரு செட் பெரிய மேளம் என்றால் இரண்டு நாதசுரம், இரண்டு தவில், சுருதி பிடிக்கும் ஒத்து, தாளம். மேளக்கார வீட்டுப் பையன் கையில் முதலில் தாளத்தைக் கொடுப்பார்கள். பிறகு ஒத்து பிடிப்பான். பிறகு இரண்டாம் நாதசுரமாகப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் மூச்சு வாங்கும் நேரத்தை நிரப்புவான். சுவாமி புறப்பாட்டின் பின்னால் இரவிரவாக நடந்து, இன்னொருவர் வாசிப்பதைக் கேட்டபடியே வாசிக்கப் பழகிய பிறகுதான் தனியாக ஒரு ராகத்தை விரிக்கும் முறை வரும். திருவீழிமிழலை சகோதரர்களும் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களும் ஜோடியாகத்தான் பேர் வாங்கினார்கள். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் வாயசைக்க, வாசித்தது அந்த மதுரை ஜோடி. அந்தப் படத்தைப் பார்த்து நாதசுரம் படிக்க வந்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் கேட்டது ஒரு நாதசுரத்தை அல்ல, இரண்டை.

இசைப்பள்ளிகள் வந்த பிறகு இந்தக் கருவிகள் எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கைக்கும், பெண்களின் கைக்கும் வந்தன. அது சாதாரண நன்மை இல்லை. எங்களில் பாதிப் பேர் இதை எழுதும் இடத்தில் இருப்பதே அதனால்தான். ஆனால் கருவி பள்ளிக்கு வந்தபோது செட் வீட்டிலேயே தங்கிவிட்டது. மேளக்காரர் மகனுக்குப் பள்ளி விட்டால் வீட்டில் செட் இருக்கிறது. லாரி ஓட்டுநர் மகள் தவில் படித்தால் அவளுக்கு எந்தச் செட்?

வடக்கே மைஹர் என்ற சிறு சமஸ்தானத்தில், 1918ஐ ஒட்டிய கொள்ளைநோய்க் காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து உஸ்தாத் அலாவுதீன் கான் ஓர் இசைக்குழு அமைத்தார். கையில் கிடைத்த கருவிகளைக் கொடுத்தார், இல்லாதவற்றைச் செய்தார். பழைய துப்பாக்கிக் குழல்களை அளவாக அறுத்து ‘நல்தரங்’ என்ற கருவி அங்கே பிறந்தது. பண்டிட் ரவிசங்கரின் குரு என்று அவரை உலகம் அறியும். மைஹர் பேண்டு இன்றும் அந்த ஊரில் வாசிக்கிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வைத்து, துப்பாக்கிக் குழலில் ராகம் வாசிக்கவைக்க ஒருவரால் முடிந்தது. கட்டடமும் சம்பள ஆசிரியரும் கால அட்டவணையும் உள்ள இடத்தில் முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள் என நம்புகிறோம்.

1. கூட்டு வாசிப்பு கால அட்டவணையில் இடம்பெற வேண்டும்

வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் எல்லா அறைகளும் பூட்டப்பட வேண்டும், ஆசிரியர்களும் வந்து உட்கார வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடாதீர்கள். எங்களில் பலருக்குக் கடைசிப் பேருந்து உண்டு. சிலருக்கு மாலையில் கடை வேலை உண்டு. முகூர்த்த மாதங்களில் விடியற்காலை கல்யாண வாசிப்புக்குப் போய்விட்டு அப்படியே வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு. அட்டவணைக்கு வெளியே வைப்பது எதுவோ அது ஆறு வாரத்தில் நின்றுவிடும்.

ஒரு குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி ஒரே கீர்த்தனையை வாசிக்கச் சொன்னால் புகைப்படம் நன்றாக வரும். யார் என்ன வாசித்தார்கள் என்று வாசித்தவருக்கே தெரியாது. திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னம் பாடும் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் எங்களில் உண்டு. பெரிய அனுபவம், மறுக்கவில்லை. தப்பாகப் பாடினாலும் யாருக்கும் கேட்காது என்ற சௌகரியமும் அதில் கொஞ்சம் உண்டு. எட்டுப் பேரில் அந்தச் சௌகரியம் கிடையாது.

2. சுருதிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்களுக்கு இதுதான் மலை.

பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள். குரல் உடைந்த பையன்கள் ஒன்று, ஒன்றரை. தாழ்ந்த சுருதிப் பாரி நாதசுரம் இரண்டு, இரண்டரை. வயலின்காரர் தந்தியை ஏற்றி இறக்கிச் சமாளிப்பார். மிருதங்கம் அப்படி வளையாது. ஒரு கட்டைக்குச் சேரும் தக்கு மிருதங்கம் வேறு, ஐந்து கட்டைக்குச் சேரும் குச்சி மிருதங்கம் வேறு. பள்ளியில் ஒரே வகை இருந்தால், சேராதவர்களை விட்டுவிட்டுத்தான் வாசிக்க முடியும். பெரும்பாலும் விட்டுப்போவது பாடும் பெண்கள். அல்லது இறக்கிப் பாடு என்று சொல்லி அவர்கள் குரலைக் கெடுப்பார்கள்.

வழி இல்லாமல் இல்லை. இரண்டு கட்டை நாதசுரத்தின் மத்யமம்தான் ஐந்து கட்டையின் ஷட்ஜம். இரண்டரைக்கு ஐந்தரையும் அப்படியே. ஆகவே நாதசுரக்காரர் மத்யம சுருதியில் வாசித்தால் ஐந்து கட்டைப் பெண் தன் குரலிலேயே கூடப் பாடலாம். புன்னாகவராளி, செஞ்சுருட்டி போன்ற ராகங்களை மத்யம சுருதியில் வைத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான். எல்லா ராகத்துக்கும் இது ஒத்துவராது. எதற்கு ஒத்துவரும், எதற்கு வராது என்பதை நாதசுர ஆசிரியரும் பாட்டு ஆசிரியரும் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்தால் பட்டியல் போட்டுவிடுவார்கள். அந்த மாலை இதுவரை வரவில்லை.

எனவே ஒவ்வொரு பள்ளியிலும் தக்கு, குச்சி இரண்டு வகை மிருதங்கமும், பாரி, உயர்ந்த சுருதித் திமிரி என இரண்டு வகை நாதசுரமும் இருக்க வேண்டும். நாதசுரம் வாங்கும்போது ஜோடியாக வாங்க வேண்டும். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியின் அடையாளமாக அங்கே உள்ள கைவினைஞர்களிடம் ஒரே சுருதியில் இழைத்த ஜோடிகளுக்குப் பள்ளிகள் ஆர்டர் கொடுக்கட்டும். இன்று ஒன்று, மூன்று வருடம் கழித்து வேறோர் இடத்தில் ஒன்று என்று வாங்கிய இரண்டு நாதசுரங்களைச் சேர்த்து வாசிப்பது என்ன கஷ்டம் என்று கொள்முதல் செய்பவர் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாதசுரத்தில் வைத்து ஊதும் சீவாளியையும் மறக்க வேண்டாம். கருவியைப் பள்ளி கொடுக்கிறது, சீவாளி எங்கள் காசு. பேசாத சீவாளியை வைத்துக்கொண்டு சுருதி சேரவில்லை என்று திட்டு வாங்குவது வேடிக்கையாக இல்லை.

3. முதலாண்டிலேயே தாளமும் ஒத்தும்

முதலாண்டு மாணவருக்குச் சேர்ந்து வாசிக்க என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். தாளம் போடத் தெரியும். தெரியாவிட்டால் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் ராகம் வாசிக்க, பல்லவி வாசிக்க, தவில்காரர்கள் தனியில் கணக்கு வைக்க, நடுவில் உட்கார்ந்து ஆதி தாளத்தை நழுவவிடாமல் அரை மணி நேரம் பிடிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் படிப்பைக் கரும்பலகை தராது.

ஒத்து இப்போது அருங்காட்சியகப் பொருள் மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை, மேடைக்கு அது வசதி. ஆனால் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒரே ஸ்வரத்தை அறுபடாமல் நிறுத்தும் பழக்கம் ஒத்து பிடித்தவர்களுக்குத் தானாக வந்தது. பள்ளிக்கு இரண்டு ஒத்து போதும். முதலாண்டு நாதசுர மாணவர்கள் முறை வைத்துப் பிடிக்கட்டும்.

4. எதை வாசிப்பது

சேர்ந்து வாசிப்பது கர்நாடக இசைக்கு ஒத்துவராது, கமகம் கரைந்துபோகும், மனோதர்மம் செத்துப்போகும் என்று எங்கள் ஆசிரியர்களில் சிலர் உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். இந்தக் கவலையை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆறு வயலின்கள் தோடி காந்தாரத்தை ஆறு விதமாக அசைத்தால் என்ன ஆகும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அதைச் சரிசெய்ய காந்தாரத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்தினால் அது தோடியே இல்லை. அகில இந்திய வானொலி 1952இல் தில்லியில் வாத்திய விருந்தா என்ற இசைக்குழுவைத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சங்கடம் பேசப்படுகிறது.

அதனால் வரிசையாகப் போகலாம் என்கிறோம். முதலாண்டில் நொட்டுஸ்வரங்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளில் சமஸ்கிருத வரிகள் அமைத்தவை ஏறத்தாழ 40 உண்டு. சங்கராபரண ஸ்வரங்களில் நேராக நிற்பவை, கமகம் கிடையாது. நாதசுரம், வயலின், குரல், ஏன், கீபோர்டு வைத்திருக்கும் பிள்ளைகூட அதே நாளில் சேர்ந்து வாசித்துவிடலாம். பேண்டுக்காக எழுந்த இசை திரும்பவும் ஒரு பேண்டுக்குப் போவதில் தீட்சிதருக்கு ஆட்சேபணை இருக்காது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனையில் மேல்நாட்டுக் கருவிகளோடு பேண்டு இருந்தது. இந்தக் கலப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருநூறு வருடம் தாமதமாக வந்திருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் தனியாகப் படிக்கவே முடியாதவை. மல்லாரி அப்படிப்பட்டது. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில், பாட்டு வரி இல்லாமல், தவிலோடு கைகோத்து மூன்று காலத்திலும் போகும் உருப்படி. தவில் இல்லாத அறையில் நாதசுர மாணவர் மல்லாரி படிப்பது பாதி வாக்கியம் படிப்பது போல. ரக்தி மேளமும் அப்படித்தான். ஏழு எண்ணிக்கையில் தவிலும் நாதசுரமும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும் அந்த உருப்படியை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் கை ஓய்வதற்குள் இரண்டு அறைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள்.

மூன்றாம் ஆண்டில் கீர்த்தனை. பல்லவியை எல்லாரும், சரணத்தை இருவர், நிரவலையும் ஸ்வரத்தையும் ஒவ்வொருவராக. தன் முறை வரும்வரை மற்றவருக்கு இடம்விட்டு, அவர் முடிக்கும் இடத்திலிருந்து தன் பேச்சைத் தொடங்கத் தெரிந்தால் மனோதர்மம் குறையாது, கூடும். தனியாக அறையில் கற்பனாஸ்வரம் பாடுகிறவர் நேற்றுப் பாடியதையே இன்றும் பாடுவார். இடைமறிக்க ஆள் வேண்டும்.

5. மதிப்பெண்

செய்முறைத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 25 கூட்டு வாசிப்புக்கு. தேர்வில் இல்லாததை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை, நாங்களும்தான். குழுவுக்கு மொத்தமாக ஒரே மதிப்பெண் போடாதீர்கள். நன்றாக வாசிக்கும் ஒருத்தியின் முதுகில் ஏழு பேர் ஏறிக்கொள்வார்கள். தப்பு நடந்தபோது யார் தாளத்தைப் பிடித்து நிறுத்தினார், பாட்டு மெலிந்தபோது தவில் கையை மட்டும் வைத்துக் கழியை நிறுத்தியதா, எடுப்பு சமத்தில் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவருக்கு யார் கண் காட்டினார், இவற்றைப் பார்த்து ஆளுக்கு ஆள் போடுங்கள்.

6. யார் உட்காரலாம்

பறை, உறுமி, பம்பை வாசிக்கும் பிள்ளைகளும். நையாண்டி மேளத்தில் நாதசுரமும் தவிலும் பம்பையோடும் உறுமியோடும் காலங்காலமாகச் சேர்ந்துதான் ஒலிக்கின்றன. ஊர்த் திருவிழாவில் சேரும் கருவிகளைப் பள்ளியில் சேர்க்க என்ன தடை என்று எங்களுக்குத் தெரியும். அது சங்கீதத் தடை இல்லை. ஆண்டுக்கு ஒரு மாதமாவது பறை ஆசானையும் பம்பைக் கலைஞரையும் மற்ற ஆசிரியர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தில் அழையுங்கள். மேடையில் எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே ஜமக்காளம். பறை வாசிப்பவர் மட்டும் கீழே நின்று வரவேற்பு கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் நாங்களும் மேலே ஏறமாட்டோம்.

7. படித்து முடித்த பிறகு

நாதசுரம் படித்த பெண்ணுக்கு மதுரை பொன்னுத்தாயின் பெயரைச் சொல்லித் தைரியம் ஊட்டுவார்கள். காலீஷாபி மஹபூப், ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்ததையும் சொல்வார்கள். பெரிய பெயர்கள், எங்களுக்கும் பெருமை. ஆனால் கல்யாண வீட்டுக்காரர் தனி ஆளை அழைப்பதில்லை, செட்டைத்தான் அழைக்கிறார். செட்டுகள் பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான். சான்றிதழோடு வெளியே வரும் பெண் தவில் கலைஞருக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஆகவே இறுதியாண்டில் அமையும் குழுக்களைக் குழுவாகவே பள்ளி பதிவுசெய்ய வேண்டும். சென்னை சங்கமம் முதல் மாவட்டப் பொங்கல் விழா வரை அரசு நடத்தும் நிகழ்ச்சிகளில் இந்தக் குழுக்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் திருவிழா நாட்களில் ஒரு கால வாசிப்பையாவது இவர்களுக்குக் கொடுக்கட்டும். பெண்கள் மட்டுமுள்ள செட்டு என்று தனியாகக் காட்சிக்கு வைக்கச் சொல்லவில்லை. கலந்து வாசித்துப் பழகியவர்கள் கலந்தே போகிறோம்.

8. வரவேற்பு வாசிப்பு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்கு வருவார் என்று ஒன்பது மணிக்கே வாசலில் நிறுத்துவார்கள். அவர் பன்னிரண்டரைக்கு வருவார். கார்க்கதவு திறந்து அவர் உள்ளே போகும்வரை முப்பது நொடி வாசிப்பு. பிறகு ஓர் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். இதற்குப் பெயர் மேடை அனுபவமாம். இனி எந்த மாணவர் குழுவை வெளி நிகழ்ச்சிக்கு அழைத்தாலும் ஆளுக்கு இவ்வளவு என்று ஊதியம், போக்குவரத்து, சாப்பாடு, நிழல். தேர்வு வாரத்தில் அழைக்கக் கூடாது. குறைந்தது இருபது நிமிடம் உட்கார்ந்து வாசிக்க இடம் தராத விழாவுக்கு வர மறுக்கும் உரிமை குழுவுக்கு உண்டு என்று எழுத்தில் வேண்டும்.

இவற்றில் 1, 4, 5 மூன்றுக்கும் பணம் தேவையில்லை. கால அட்டவணையும் பாடத்திட்டமும் தேர்வுத் தாளும் திருத்தினால் போதும். அவற்றுக்கு வரும் கல்வியாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள் எழுத்து வழியே பதில் கேட்கிறோம். 2, 3, 6 மூன்றுக்கும் செலவு உண்டு. பள்ளிவாரியாக எத்தனை மிருதங்கம், எத்தனை ஜோடி நாதசுரம், எத்தனை ஒத்து என்ற கணக்கை அந்தந்தப் பள்ளி மாணவர்களே எடுத்து ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கித் தருவார்கள். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் அது உரிய மேசைக்குப் போக வேண்டும். 7ஐப் பேசித் தீர்க்க கோயில் நிர்வாகம், அரசு, மாணவர் மூன்று தரப்பும் உட்காரும் கூட்டத்துக்குத் தேதி கொடுங்கள். முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம், அன்று எங்களில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்போம். 8ஐ இன்றிலிருந்தே நாங்கள் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டோம்.